வெக்கை அல்ல, வேறொன்று

கடலூரைத் தலைநகராகக் கொண்ட பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய அரசூரில், 1987இல் செம்மறி ஆடுகளிடையே ஒரு கொள்ளைநோய் கண்டது. கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல், மூச்சிரைப்பு என்று வளர்ந்து ஒரு வாரம் பத்து நாளில் ஆட்டைச் சாய்த்துவிடும் நோய் அது. இந்த அடையாளங்களைக் கண்டால் அந்நாளில் யாருக்கும் முதலில் தோன்றுவது வெக்கை நோய்தான். மாட்டைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை சில சமயம் ஆட்டையும் பிடிக்கும் என்பது தெரிந்த சங்கதி. ஆனால் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலாவும் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவ ஆய்வாளர்களும் சேர்ந்து 1989இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. இது வெக்கைக்கு நெருங்கிய உறவான இன்னொரு வைரஸ். மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் 1942இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இப்போது நாம் ஆட்டுக்கொல்லி நோய் என்கிறோமே, அதுதான். இந்தியாவில் இந்த நோய் உறுதியான முதல் இடம் அரசூர். 1993இல் மாவட்டம் பிரிந்தபோது ஊர் விழுப்புரம் பக்கம் போய்விட்டது. கடலூர்க்காரர்கள் இந்தக் கதையை மறந்துவிட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெயர் மாறினால் ஆட்டுக்காரருக்கு என்ன வந்தது? கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு வைரஸுக்கும் நேரடி மருந்து கிடையாது. புண்ணைக் கழுவி, நீர்ச்சத்து கொடுத்து, கூடச் சேர்ந்துகொள்ளும் பாக்டீரியாவுக்கு ஊசி போடுவதோடு வைத்தியம் முடிகிறது. ஆய்வக முடிவு வருவதற்குள் ஆட்டைப் புதைத்திருப்பார்கள். அந்த ஓர் ஆட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் சோதனை வீண் செலவு என்பதை மறுக்க முடியாது. ஆனால் சோதனையின் பலன் செத்த ஆட்டுக்கு அல்ல, மற்ற மந்தைகளுக்கு. அரசூரின் விஷயத்தில் அது மாடுகளையும் தொட்டது.

நாட்டில் வெக்கை ஒழிப்புத் திட்டம் 1954இலேயே தொடங்கியது. இந்தியாவின் கடைசி வெக்கை 1995இல், நம் பக்கத்து வடார்க்காட்டில் பதிவானது. 2006இல் இந்தியாவும் 2011இல் உலகமும் அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் பூண்டோடு அழித்த நோய் இது ஒன்றுதான். ஆனால் ‘இல்லை’ என்று நிரூபிப்பது, ‘இருக்கிறது’ என்று காட்டுவதைவிடக் கடினம். முதலில் தடுப்பூசியை நிறுத்த வேண்டும். பிறகு பிறந்த கால்நடைகளின் ரத்தத்தில் வெக்கையின் எதிர்ப்புப் பொருள் இல்லை என்று காட்ட வேண்டும். இங்கேதான் சிக்கல். ஆட்டுக்கொல்லிக்கென்று தனி ஊசி இல்லாத நாளில் வெக்கைத் தடுப்பூசியையே ஆட்டுக்கும் போட்டார்கள். உறவுக்கார வைரஸ் என்பதால் அது நன்றாகவே காத்தது. ஆனால் அந்த ஊசி ஆட்டின் ரத்தத்தில் வெக்கையின் தடயத்தை விட்டுவைக்கும். ஊசியின் தடயமா, ஒளிந்திருக்கும் நோயின் தடயமா என்று எப்படிப் பிரிப்பது? ஆட்டில் காண்பதையெல்லாம் வெக்கை என்றே ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தால் வெக்கை முடிந்தது என்று சொல்லும் நாளே வந்திருக்காது. ஆகவே வெக்கை ஊசியை ஆட்டுக்குப் போடுவதை நிறுத்தி, ஆட்டுக்கொல்லிக்கே உரிய ஊசியைத் தேட வேண்டியதாயிற்று. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசிக்குப் பக்குவப்படுத்திய வைரஸ்களில் ஒன்றின் பெயரே ‘அரசூர்/87’. நோய்க்கு இலக்கான ஊரின் பெயர் கடைசியில் மருந்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, ஊசிதான் வந்துவிட்டதே, இனி ஆராய்ச்சி எதற்கு, வெக்கையை விரட்டியது போல இதையும் விரட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறக்கிறார்கள். வெக்கைக்கு ஒரு முறை போட்ட ஊசி மாட்டை அதன் ஆயுளுக்கும் காத்தது. மாடும் ஒரே தொழுவத்தில் பல ஆண்டு இருந்தது. ஆட்டுக்கொல்லி ஊசியும் குறைந்த ஊசியல்ல, ஏறத்தாழ மூன்று ஆண்டு காக்கும். ஆனால் மந்தையில் ஆடு அத்தனை நாள் தங்குவதில்லை. கிடாய்கள் விலைக்குப் போகின்றன. இரண்டு ஆண்டில் மூன்று ஈற்றுக் குட்டிகள் வருகின்றன. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பு ஊசியை முறித்துவிடும் என்பதால் நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குப் போடுவதுமில்லை. இந்த ஆண்டு முழு மந்தைக்கும் போட்டு முடித்தாலும் அடுத்த ஆண்டு அதே பட்டியில் ஊசியே காணாத ஆடுகள் நிறைய நிற்கும். போதாததற்கு மந்தை ஓரிடத்தில் நிற்பதுமில்லை. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட வெளியூர் மந்தைகள் வருகின்றன. வழியெல்லாம் உள்ளூர் ஆடுகளோடு ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கின்றன. மூச்சுக்காற்றிலும் சளியிலும் பரவும் வைரஸுக்கு வேறென்ன வேண்டும்? சுணங்கிய ஆட்டைச் சாவதற்குமுன் சந்தைக்கு ஓட்டிவிடும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காக ஆட்டுக்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை. செத்த ஆட்டுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

ஆகவே எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்த வழியாக நோய் நுழைகிறது என்று தெரியாமல் ஊசியை மட்டும் கணக்குக்குப் போட்டுக்கொண்டு போனால் நோயைத் துரத்திக்கொண்டே இருக்கலாம், பிடிக்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ள, காய்ச்சல் கண்ட முதல் சில நாளிலேயே கண், மூக்கு ஒழுகலைப் பஞ்சில் தொட்டு எடுத்து, பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். துள்ளுமாரி, நீலநாக்கு, ஆட்டம்மை என்று குழப்பக் கூடிய நோய்கள் வேறு இருக்கின்றன. பார்வைக்கு எல்லாமே ‘ஆட்டுக்கு வந்த சீக்கு’தான்.

உலக உணவு, விவசாய அமைப்பும் உலக விலங்கு நல அமைப்பும் ஆட்டுக்கொல்லியை ஒழிக்க 2030ஐக் கெடுவாக வைத்திருக்கின்றன. அந்தக் கெடு நெருங்கும்போது வெக்கையில் நடந்தது இங்கும் நடக்க வேண்டும். நோய் இல்லை என்று காட்டுவதற்காகவே ஊசியை நிறுத்த வேண்டும். வருஷா வருஷம் ஊசிக்கு ஆட்டைக் கொண்டுவாருங்கள் என்று அலைந்த கால்நடை மருந்தகத்தார், ஒரு வருஷம் அதே வாசலில் நின்று ‘இனிமேல் ஊசி வேண்டாம், ரத்தம் மட்டும் கொடுங்கள்’ என்று கேட்பார்கள். மாதிரி எடுத்துப்போன ஒவ்வொரு முறையும் முடிவை ஆட்டுக்காரரிடம் திரும்ப வந்து சொல்லியிருந்தால்தான் அந்தப் பேச்சு எடுபடும்.