சில்லுக்கும் விதை ஒதுக்குவோம்

போன மாரிக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில் ஓட்டோச் சாரதி ஒருவர் என்னைத் தேடிப் பங்குமனைக்கு வந்தார். வலிகாமம் வடக்கைச் சேர்ந்த தோட்டக்காரக் குடும்பம் அவருடையது. 1990 ஜூன் மாதம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவர் சிறு பையன். மல்லாகத்துப் பக்கம் ஒரு நலன்புரி முகாமில் வளர்ந்தார். லொறியில் கிளீனராகச் சேர்ந்தார். பின்னர் லீசிங்கில் ஓட்டோ எடுத்தார். இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவருடைய தகப்பனாரின் எட்டுப் பரப்புக் காணி சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் விடுவிக்கப்பட்டது. கிணறு தூர்ந்து, எல்லை தெரியாமல், பற்றை மூடிக் கிடக்கும் காணி.

“ஃபாதர், கிணறு இறைக்க வேணும், வேலி அடைக்க வேணும். ஓட்டோவை வித்திட்டுத் தோட்டத்தில இறங்கவோ? இல்லாட்டி காணியை ஈடு வைச்சு இன்னொரு ஓட்டோ எடுத்து வாடகைக்கு விடவோ?” என்று கேட்டார்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இது அவர் ஒருவருடைய கேள்வியும் அல்ல. நிலத்தை இழந்து வந்த எமது விவசாயக் குடும்பங்களில் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டது சில்லுத்தான். சைக்கிள், லான்ட்மாஸ்டர், லொறி, மினிபஸ், ஓட்டோ என்று சில்லு மாறியதே தவிர, தொழில் அதுவாகவே இருந்தது. இனியும் அதை நம்பலாமா? எவ்வளவு தூரம் நம்பலாம்? இதனை நாம் சேர்ந்து சிந்திக்க வேண்டியுள்ளது.

பாதையோடு வந்த தொழில்கள்

எமது குடாநாட்டில் போக்குவரத்துத் தொழில் ஒருபோதும் தனியே நின்றதில்லை. பாதை திறந்தபோது பெருகியது, பாதை மூடியபோது வேறு வடிவம் எடுத்தது.

1905 இல் வடக்குப் புகையிரதப் பாதை முழுமையடைந்தது. புகையிரத நிலையங்களைச் சுற்றி மூடை ஏற்றி இறக்குவோரும் மாட்டுவண்டிக்காரரும் பிழைத்தனர். 1950 இல் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியதும் புகையிரதத்துக்கும் லொறிக்கும் புதிய வேலை கிடைத்தது. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை அரசுடைமையானபோது தனியார் பஸ்களில் வேலைசெய்த சாரதிகளும் நடத்துநர்களும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் மாதச் சம்பளக்காரர் ஆயினர்.

1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை. சுன்னாகத்திலிருந்து கொழும்புக்கு லொறிகள் நிரம்பிப் போயின. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. அந்த அடி தோட்டக்காரனோடு நிற்கவில்லை. லொறிக்காரனுக்கும் விழுந்தது. தோட்டமும் சில்லும் ஒரே கயிற்றில் கட்டுண்டவை என்பதை அந்த ஆண்டுகள் எமக்குக் காட்டின.

எமது மூத்தவர்களுக்குத் தட்டிவான் நினைவிருக்கும். மரத்தால் உடல் கட்டிய பழைய வண்டி. பின்னால் சங்கிலியில் தொங்கும் தட்டியில் மரக்கறிக் கடகங்களும் தேங்காயும் பலாப்பழமும் ஏறும், உள்ளே சனம் ஏறும். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் அது நீண்டகாலம் ஓடியது. விவசாயியும் அவனுடைய விளைபொருளும் ஒன்றாகச் சந்தைக்குப் போவதற்கென்றே அமைந்த வாகனம் அது.

1990 ஜூனில் யாழ்தேவி நின்றது. சீமெந்துத் தொழிற்சாலையும் நின்றது. பெற்றோலுக்கும் டீசலுக்கும் தடை வந்தது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பாரம் சுமந்தது பெரும்பாலும் சைக்கிள்தான். விறகு, மரக்கறி, நோயாளி, பிரேதப்பெட்டி என எல்லாம் சைக்கிளில் போயின. கிளாலிக் கடனீரேரியில் இரவிலே ஒரு இயந்திரப் படகு பல படகுகளைத் தொடுத்து இழுத்துச் சென்றது. அதுவும் ஒரு தொழிலாயிற்று. உயிரைப் பணயம் வைத்த தொழில்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அப்பாவின் சைக்கிள் கரியரில் அரிசி மூடை, பாரில் தம்பி. விடியும்போது நாவற்குழிப் பாலத்தைக் கடந்திருந்தோம். கைதடியில் வீதியோரம் ஒருவர் சைக்கிள் ரியூப்புகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவரும் எங்களைப்போல் வந்தவர்தான். வீட்டை விட்டு வந்தவர், தன் திருத்துஞ் சாமான் பெட்டியை மட்டும் விடவில்லை. அன்று காலை அந்த வீதியில் தொழில் இருந்த ஒரே மனிதர் அவர் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை.

2002 இல் ஏ-9 வீதி திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, யுத்தம் முடிந்த பின் மீண்டும் திறந்தது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் வந்தது. பூநகரி அண்மையாயிற்று. 2014 ஒக்டோபரில் புகையிரதம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் போயிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் சிலருக்கு வேலை பிறந்தது, சிலருக்கு வேலை போனது.

ஓட்டோக் காலம்

யுத்தம் முடிந்த கையோடு நிதி நிறுவனங்கள் எமது நகரங்களில் கிளைகளைத் திறந்தன. சிறு முற்பணத்துடன் ஓட்டோ வீட்டு வாசலுக்கு வந்தது. காணி இல்லாத இளைஞனுக்கு, படிப்பு இடையில் முறிந்த இளைஞனுக்கு, அது பெரிய ஆறுதல். ஒருவரிடம் கைகட்டி நிற்கத் தேவையில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை மாதக் கட்டணத்துக்கு ஏற்றலாம், மிகுதி நேரம் ஓட்டம் பார்க்கலாம். இதனைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால், எல்லோரும் ஒரே கதவால் நுழைந்தோம். இலங்கை முழுவதும் பதிவான முச்சக்கரவண்டிகள் 11 இலட்சத்தைத் தாண்டின. கடன் மிதமிஞ்சிப் போவதைக் கண்ட மத்திய வங்கி, 2017 ஜனவரியில், முச்சக்கரவண்டியின் பெறுமதியில் 25 வீதத்துக்கு மேல் கடன் கொடுக்கக்கூடாது என்று எல்லை வகுத்தது. மறுபுறத்தில் வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்தது. முன்னர் ஓட்டோ பிடித்த அம்மா இன்று மகளின் ஸ்கூட்டியில் சந்தைக்குப் போகிறார். பத்து வண்டி நின்ற சந்தியில் முப்பது நின்றால் சனம் மும்மடங்கு ஆகாது, பங்குதான் குறையும். கைத்தொலைபேசிச் செயலியில் கூலி பேசும் முறையும் யாழ் நகருக்கு வந்துவிட்டது.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்திலேயே படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. இடைக்காலத்தில் பழைய வண்டிக்கும் புது விலை. 2022 இல் எரிபொருள் இல்லாமற் போனது. இரவிரவாக வரிசையில் நின்றோம். ஜூலையில் கியூஆர் முறை தொடங்கியபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் மட்டுமே தரப்பட்டது. வண்டி ஓடாவிட்டாலும் லீசிங் தவணை ஓடியது. 1990களில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய எமது மக்களுக்கு, பாதை திறந்திருந்தும் தொழில் நிற்கலாம் என்ற புதுப் பாடத்தை அந்த ஆண்டு தந்தது.

விதைக் கணக்கு

தோட்டக்காரன் விளைந்த வெங்காயம் முழுவதையும் விற்பதில்லை. எவ்வளவு கஷ்டமானாலும் அடுத்த போகத்துக்கு விதை வெங்காயத்தைப் பிடி கட்டித் தூக்கி வைப்பான். அதை எடுத்துச் சமைத்தால் தோட்டம் முடிந்தது என்று அவனுக்குத் தெரியும்.

சில்லுக்கும் அதே நியாயம் உண்டு. ஆனால் நாம் அதனைச் செய்வதில்லை. மாலையில் மடியில் இருக்கும் காசு எல்லாம் உழைப்பு என்று நினைக்கிறோம். ஒரு கொப்பியை எடுத்து நான்கு கோடு போடுங்கள். முதலாவது எரிபொருள். இரண்டாவது லீசிங் தவணை. மூன்றாவது ரயர், ஒயில், திருத்தம், காப்புறுதி, ஆண்டு வரி. நான்காவது வண்டியின் தேய்மானம், அதாவது ஐந்தாறு ஆண்டில் இந்த வண்டிக்குப் பதில் இன்னொன்று வாங்குவதற்கான விதை. இவை நான்கும் போக மிஞ்சுவதுதான் உங்கள் கூலி. மூன்று மாதம் இப்படி எழுதிப் பார்த்தால், வண்டி உங்களைச் சுமக்கிறதா, நீங்கள் வண்டியைச் சுமக்கிறீர்களா என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. லீசிங் கட்டி முடியும்வரை வண்டியின் உரிமை நிதி நிறுவனத்திடமே இருக்கும். தவணை தவறினால் வண்டி போகும். ஈடு வைத்த காணியும் அதனோடு போகலாம். இருபது, முப்பது ஆண்டுகள் காத்திருந்து மீட்ட நிலத்தை ஐந்து ஆண்டில் தேயும் இரும்புக்கு ஈடு வைப்பது நியாயமான பண்டமாற்று அல்ல.

எல்லாச் சில்லுக்கும் வேண்டிய கை

கைதடியில் நான் கண்ட மனிதரிடம் மீண்டும் வருகிறேன். பாதை மூடினாலும் திறந்தாலும், எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், திருத்தத் தெரிந்தவனுக்கு வேலை இருந்தது. 1990களில் எமது கராஜ்காரர் உதிரிப்பாகம் இல்லாமலே இயந்திரங்களை ஓடவைத்தார்கள். இறக்குமதி நின்ற ஆண்டுகளிலும் பழைய வண்டிகளைக் காப்பாற்றியது அவர்களுடைய கைதான். இந்திய நகரங்களில் மின்கலத்தில் ஓடும் ஓட்டோக்கள் பெருகி வருகின்றன. அவை இங்கும் பெருகும்போது சாரதிகளுக்கு ஆள் கிடைக்கும், மின்கலமும் மின்சுற்றும் தெரிந்த கைக்குத்தான் தட்டுப்பாடு வரும்.

ஆகவே பிள்ளைக்கு வண்டி எடுத்துக் கொடுக்க முன்னர் தொழிலைக் கொடுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையும், தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையும் பயிற்சி அளிக்கின்றன. ஏற்கெனவே கராஜில் பழகித் தொழில் தெரிந்தவர்கள் சான்றிதழ் இல்லையே என்று சோர வேண்டாம். முன்னர் கற்ற திறமையைப் பரீட்சித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை உண்டு. வெளிநாடு போக நினைப்பவருக்கும் அது உதவும்.

பஸ்ஸிலும் லொறியிலும் நாட்கூலிக்கு நிற்போருக்கு ஒரு சொல். 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியதல்ல. தற்காலிக ஊழியருக்கும் அது பொருந்தும். உங்கள் கூலியில் 8 வீதமும், முதலாளி தன் பங்காக 12 வீதமும் செலுத்த வேண்டும். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கு விளங்குகிறது. தனியே கேட்பவனுக்கே பயம் அதிகம். சங்கமாகக் கேளுங்கள்.

தோட்டமும் சில்லும் சேர்ந்தால்

மீளக்குடியேறிய எமது குடும்பங்களிடம் இன்று இரண்டும் உண்டு. ஒரு வீட்டில் காணி, அடுத்த வீட்டில் வண்டி. ஆனால் காணிக்காரர் தனித்தனியே கூலி கொடுத்துச் சந்தைக்குப் போகிறார். அங்கே ‘கழிவு’ என்று நிறையில் வெட்டுகிறார்கள். வண்டிக்காரரோ சந்தியில் ஓட்டமில்லாமல் நிற்கிறார். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, கிழமையில் இன்ன நாள் இன்னாருடைய வண்டி என்று ஒழுங்கு செய்தால், காணிக்காரருக்குக் கூலி குறையும், வண்டிக்காரருக்கு நிச்சயமான ஓட்டம் கிடைக்கும். பாரம் கூடும்போது ஒரு சிறு லொறி பிடித்துத் தம்புள்ளைச் சந்தைக்கே அனுப்பலாம். கூட்டுறவு எமக்குப் புதிதல்ல. மூளாயில் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே நடத்திய மண் இது. பழைய தட்டிவான் செய்த வேலையை நாம் மீண்டும் செய்யலாம்.

என்னைத் தேடி வந்தவர் வண்டியை விற்கவில்லை, காணியை ஈடு வைக்கவும் இல்லை. மைத்துனரோடு சேர்ந்து கிணற்றைத் துப்புரவாக்கினார். எட்டுப் பரப்பில் இரண்டு பரப்பை மட்டும் வெட்டி வெங்காயம் வைத்தார். காலையில் பள்ளிக்கூட ஓட்டம், பின்னேரம் தோட்டம். முதற்போகத்தில் பெரிய இலாபம் இல்லை. லீசிங் இன்னும் முடியவில்லை. ஆனால் அண்மையில் அவர் வீட்டுக்குப் போனபோது குசினிக் கூரையில் விதை வெங்காயப் பிடிகள் தொங்கின. அவற்றின் கீழே, மேசையில், நான்கு கோடு போட்ட கொப்பி ஒன்று இருந்தது. நான்காவது கோட்டுக்குக் கீழே சிறிய தொகைதான் எழுதியிருந்தார். ஆனாலும் ஒவ்வொரு கிழமையும் எழுதியிருந்தார்.

குழுக்களில் கலந்துரையாட:

1. எமது கிராமத்தில் போக்குவரத்துத் தொழிலை நம்பி எத்தனை குடும்பங்கள் உள்ளன? அவற்றுள் எத்தனை கடனில் உள்ளன?

2. நான்கு கோட்டுக் கணக்கை மூன்று மாதம் எழுதிப் பார்க்க யார் முன்வருகிறீர்கள்?

3. சந்தைக்குச் சேர்ந்து பாரம் அனுப்ப எமக்குள் தடையாக இருப்பது எது?