சீட்டில்லாப் பிரயாணிகள்

கொழும்புத் துறைமுகத்தருகே கப்பல்களைக் காணுந்தோறும் முன்பெல்லாம் அவற்றின் கொடிகளையே நோக்குவேன். இப்போதோ என் எண்ணம் நீருக்கடியில் மறைந்துள்ள அடிப்பாகத்தை நாடுகிறது. அங்கே பாசியும் கொட்டலசும் சிப்பியும் பற்றிக்கொண்டு, சீட்டின்றியே கடல் கடக்கின்றன.

இவ்வெண்ணத்தை எனக்குத் தந்தது சென்னைக்கு வடக்கேயுள்ள எண்ணூர்க் கழிமுகம். மத்திய, தென் அமெரிக்கக் கரைகளுக்குரிய சிறு சிப்பியொன்று அங்கே பெருகிவிட்டது. 'காக்கா ஆழி' என்பது மீனவர் அதற்கு இட்ட பெயர். கப்பலடியில் ஒட்டியோ, கப்பலின் சமநிலைக்கென ஏற்றப்படும் நீரில் கலந்தோ அது வந்திருக்கலாம் என்பர் ஆய்வாளர். கம்பளம் விரித்தாற்போல் அது சேற்றை மூடிவிட, இறால் புதைந்து வாழ இடமில்லை. சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கும் ஏழைகளின் பிழைப்புக் குன்றிவிட்டது.

சமநிலை நீரைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 2017 இல் நடைமுறைக்கு வந்தது. கப்பலடியைத் தூய்மையாக வைத்திருப்பதற்கோ, 2011 இலும் 2023 இலும் வெளிவந்தவை கட்டாயமற்ற நெறிகளே. வாணிபத்தின் ஆதாயம் கப்பலுக்கு; நட்டம் வலைகூட இல்லாத கைகளுக்கு. இது நீதியாகுமா? நமது களப்புகளை நினைக்கும்போது, இவ்வினா அயலாருடையதாக எனக்குத் தோன்றவில்லை.