படகில் ஏறுமுன் கூகுள் எர்த்

விடுமுறையில் பழவேற்காடு ஏரிக்குக் கிளம்பும் நண்பர்களுக்கு நான் முதலில் காட்டுவது கூகுள் எர்த் ப்ரோ. இந்த சாப்ட்வேர் இலவசம். இன்ஸ்டால் செய்து, தேடல் கட்டத்தில் ஊர்ப் பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள். வியூ மெனுவில் ஹிஸ்டாரிகல் இமேஜரியைக் கிளிக் செய்தால் மேலே ஸ்லைடர் வரும். அதை மவுஸால் இழுத்தால் பழைய படங்கள் வரிசையாகத் தோன்றும். ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணல் மேடிட்டுக் குறுகுவதையும் இடம் மாறுவதையும் கவனியுங்கள். சின்னப் படகுக்கு ஆபத்தான இடம் அது.

2011 டிசம்பர் 25-ல் பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எனவே படத்தை மட்டும் நம்பாதீர்கள். அது இன்றைய அலையைக் காட்டாது. அதற்கு இன்காய்ஸ் இணையதளத்தில் அலை முன்னறிவிப்பு உண்டு. படகுக்கு அனுமதி உள்ளதா என்றும் விசாரியுங்கள். மீனவர்கள் வேண்டாம் என்றால், கரையில் நின்றே பூநாரைகளைப் பார்க்கலாம்.