சீனப் பீங்கானில் நிலக்காட்சி ஓவியமும் ஓவியர் பெயரும்

சிங் அரசமரபுக் காலத்துச் (1644–1911) சீனப் பீங்கான்களில் நிலக்காட்சிகள் மிகுதியாகத் தீட்டப்பெற்றன. நிலக்காட்சி ஓவியத்தைக் குறிக்கும் ‘ஷான்ஷுய்’ என்னும் சீனச் சொல்லுக்கு ‘மலையும் நீரும்’ என்பது பொருள். அம்மலையையும் நீரையும் தீட்டியவர் யார் என்பதைப் பெரும்பாலான கலன்கள் தெரிவிப்பதில்லை. அரசுச் சூளைக் கலனின் அடிப்புறத்தில் பேரரசரின் ஆட்சிக்காலப் பெயர் இருக்கும். ஓவியர் பெயர் இராது.

இதற்குத் தொழில்முறையே முதன்மைக் காரணம் எனலாம். பீங்கான் நகரமான ஜிங்தேசென் குறித்துப் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி தாந்த்ரெகோல் 1712இல் எழுதிய மடல், ஒரு கலன் எழுபது பேர் கைகளைக் கடப்பதாகச் சொல்லப்பட்டதைப் பதிவு செய்கிறது. விளிம்புக் கோட்டை ஒருவர் வரைந்தார். மலையையும் நீரையும் ஒருவர், பறவைகளை வேறொருவர் தீட்டினர். இவ்வாறு பகுக்கப்பட்ட உழைப்பில் தனியொருவர் பெயருக்கு இடமில்லை.

1850களில் தைப்பிங் கிளர்ச்சியின்போது ஜிங்தேசென் சூளைகள் அழிவுற்றன. அரசுச் சூளை 1866இல் மீண்டும் எழுப்பப்பட்டது. இக்காலத்தை ஒட்டி வளர்ந்ததே ‘சியேன்சியாங்’ பாணி. இப்பெயர் பீங்கானுக்கு உரியதன்று. யுவான் காலத்து ஹுவாங் கோங்வாங்கோடு இணைத்துப் பேசப்படும், கருமையும் வெளிர்காவியும் கலந்த தாள் ஓவியமுறையிலிருந்து பெறப்பட்டது. முந்தைய வண்ணப் பீங்கானில் வெண்பூச்சு அடித்தளமிட்டு, அதன்மேல் நிறங்களை அடர்த்தியாக ஏற்றுவர். சியேன்சியாங்கில் அவ்வடித்தளம் இல்லை. ஏற்கெனவே சுட்டு மெருகேறிய பரப்பின்மேல் மெல்லிய நிறத்தைத் தீட்டிக் குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுட்டனர். கோடும் நிறமும் ஒருவர் கையிலேயே முடிந்தன. கல்வியாளர் தாளில் செய்வதுபோல, ஓவியர் கவிதை, நாள், பெயர், முத்திரை ஆகியவற்றையும் கலனில் எழுதினார். செங் மென், ஜின் பின்சிங், வாங் ஷாவ்வெய் ஆகியோர் இவ்வாறு அறியப்பட்டனர்.

நாளைக் குறிக்க அறுபதாண்டுச் சுழற்சியைப் பயன்படுத்தினர். (தமிழ் ஆண்டுப்பெயர்களைப் போலவே இதுவும் நூற்றாண்டைத் தனித்துச் சுட்டாது.) பாணியின் செழிப்புக்காலம் குறுகியது என்பதால், பெரும்பாலும் மயக்கம் எழுவதில்லை. பெயர்தான் மயக்கம் தருகிறது. செங் மென்னின் கையொப்பம் பிறர் கலன்களிலும் பொறிக்கப்பட்டது. ஆகவே, கையொப்பத்தை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது. தூரிகை நடையும் எழுத்தமைதியும் உடன் ஆராயப்பட வேண்டும்.

அச்சான்றும் எளிதில் அழியக்கூடியது. மெருகின்கீழ்த் தீட்டிய நீலநிறத்தை மெருகே காக்கும். மெருகின்மேல் மெல்லிதாய்ப் படிந்த சியேன்சியாங் நிறமோ கைபட்டும் கழுவியும் தேய்ந்துவிடும். தேநீர்க் கெண்டியைவிடச் சட்டமிட்டு மாட்டிய பீங்கான் பலகையே ஓவியர் பெயரைக் காத்துத் தந்திருக்க வாய்ப்பு மிகுதி.