கிள்ளினால் தெரியும் சேதி



இதைப் படிக்கிறவர்கள் எல்லாரும் உங்கள் புறங்கைத் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து விடுங்கள். டக்கென்று பழையபடி ஆகிவிடும். எங்க அப்பத்தா கையில் இதையே செய்தால், தோல் வரப்பு மாதிரி கொஞ்ச நேரம் நின்னுட்டு மெதுவாகத்தான் படியும். ஏன் இப்படி?

நம் மேல்தோலுக்குக் கீழே அடித்தோல் இருக்கிறது. அதில் எலாஸ்டின், கொலாஜன் என்று இரண்டு வகைப் புரத இழைகள் உள்ளன. எலாஸ்டின் ரப்பர் பேண்டு மாதிரி. இழுத்து விட்டால் திரும்பிவிடும். கொலாஜன் தொளதொளவென்று கிடக்கிற கயிறு மாதிரி. தோலை இழுத்தால் முதலில் லேசாக வரும். கயிறு நேரானதும் விறைத்துக்கொள்ளும், அதுக்கு மேலே சுலபமாக வராது. அதனால்தான் தோல் லேசில் கிழிவதில்லை. வயசாலும் வெயிலாலும் எலாஸ்டின் கெட்டுப்போகிறது. அப்பத்தா எத்தனை வருஷம் வெயிலில் களை எடுத்தவங்க!

தோல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுபடாது. வியன்னாவில் கார்ல் லாங்கர் என்ற உடற்கூறு அறிஞர் இறந்தவர்களின் உடலில் வட்ட ஊசியால் குத்திப் பார்த்தார். துளைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் விரிந்தன. அதை வைத்து எந்த இடத்தில் தோல் எந்தப் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது என்று கோடு வரைந்து 1861-இல் வெளியிட்டார். தோலின் இழுவிசைப் போக்கிலேயே அறுத்துத் தைத்தால் தழும்பு சிறிதாகும். அதை டாக்டர்கள் இன்றும் கவனிக்கிறார்கள்.

இப்போது தோலை அளக்கக் கருவியே இருக்கிறது. பெயர் குட்டோமீட்டர். 2 மில்லிமீட்டர் துளை வழியாகத் தோலை உறிஞ்சும். எவ்வளவு உயரம் எழும்பியது, விட்டதும் எவ்வளவு திரும்பியது என்று ஒளியை வைத்து அளக்கும். தீக்காயத் தழும்பு இளகுகிறதா என்று இதில் பார்க்கலாம்.

ஆனால் என் தம்பிக்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. போன கோடையில் அவனுக்கு வயிற்றுப்போக்கு. ‘பல்லு முளைக்குது, சரியாயிடும்’னு அம்மா இருந்துட்டாங்க. வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்கா அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் மெதுவாகத்தான் படிந்தது. “உடம்புல தண்ணி குறைஞ்சிருச்சும்மா” என்றார். தண்ணீர் குறைந்தால் தோல் சீக்கிரம் திரும்பாதாம். உடனே உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) கலக்கினோம். நான்தான் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். சாயங்காலம் அக்கா மறுபடி கிள்ளினார். தோல் டக்கென்று படிந்தது. அம்மா அப்போதுதான் அழுதார்.

நினைவில் வையுங்கள்: குழந்தைக்கு வயிற்றுப்போக்கின்போது, கிள்ளிய வயிற்றுத் தோல் படிய 2 நொடிக்கு மேல் ஆனால் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வயதானவர்களுக்கு இந்தச் சோதனையை நம்பக் கூடாது. காரணம்தான் மேலே படித்தீர்களே!



ஒன்பதாம் வகுப்பு மாணவி