பட்டும் வாகனமும்: பொருளுக்குப் பால் உண்டா?

காரைக் குறிக்கும் 'ஸய்யாரா' என்னும் அரபுச் சொல் இலக்கணப்படி பெண்பால். ஜெர்மானிய மொழியிலோ கார்களின் வணிகப் பெயர்கள் ஆண்பாலாகவே வழங்குகின்றன. எமில் யெல்லினெக் என்னும் வணிகருடைய மகளின் பெயர் 'மெர்சிடிஸ்'. 1902இல் வணிகக் குறியாகப் பதிவான அப்பெண்பெயரும், காரைச் சுட்டும்போது அம்மொழியில் ஆண்பாலாகிவிடுகிறது. தமிழ் உயிரற்ற பொருளை அஃறிணையில் வைத்து, ஆண்மை பெண்மை எதனையும் அதன்மேல் ஏற்றுவதில்லை. தமிழ் இலக்கணம் ஏற்றாத இச்சுமையை இன்று விளம்பரம் ஏற்றுகிறது.

விலையுயர்ந்த கார்களின் விளம்பரங்கள் விசையையும் வேகத்தையும் ஆதிக்கத்தையும் ஆண்மையின் அடையாளங்களாக்கின. அழகையும் வண்ணத்தையும் பெண்ணுக்கு ஒதுக்கின. 1955இல் அமெரிக்காவின் டாட்ஜ் நிறுவனம் 'லா ஃபாம்' என்ற காரைப் பெண்களுக்கென வெளியிட்டது. இளஞ்சிவப்பும் வெண்மையும் பூசி, அதற்கிணையான கைப்பை, உதட்டுச்சாயக் கூடு, குடை, மழையங்கி ஆகியவற்றையும் சேர்த்துத் தந்தது. உடற்கட்டோ முன்பே விற்பனையிலிருந்த காருடையதுதான். வாங்குவோர் மிகாமையால் 1956உடன் அது நின்றுபோயிற்று.

இது மேலைநாட்டுச் செய்தி என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2007இல் தன் இந்தியத் தொழிற்சாலையைத் தொடங்கிய இடம் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019 முதல் அது செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. காஞ்சி நகரின் பிள்ளையார்பாளையத் தறிகளிலோ தலைமுறைகளாக வேறோர் ஆடம்பரப் பொருள் உருவாகி வருகிறது. கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் இணைக்கும் கோர்வைக்கு ஒருவர் கை போதாது. நாடா வீசத் துணையாள் வேண்டும். நூல் சுற்றுவது முதலான வேலைகளில் வீட்டுப் பெண்களின் உழைப்பு கலந்திருக்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து உருவாக்கிய அப்பட்டு, கடைக்கு வந்ததும் மணப்பெண்ணின் பெருமையாக மட்டும் விற்கப்படுகிறது.

ஷரீஅத்தும் பட்டில் ஆண், பெண் வேறுபாடு காட்டுகிறதே என வினவலாம். தங்கமும் பட்டும் ஆண்களுக்கு விலக்கப்பட்டவை, பெண்களுக்கு ஆகுமானவை என்பதைத் திர்மிதீ முதலிய நூல்களின் ஹதீஸ்கள் அறிவிக்கின்றன. ஆயினும் தோல் அரிப்பால் துன்புற்ற அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) இருவருக்கும் நபி (ஸல்) அவர்கள் பட்டாடையை அனுமதித்தார்கள். தங்க, வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதும் பருகுவதும் இருபாலாருக்குமே தடை. இவ்விதிகளுக்கு மார்க்க அறிஞர்கள் கூறிய காரணங்களுள் பெருமையையும் ஆடம்பரத்தையும் தடுப்பது முதன்மையானது. பெண்ணுக்குக் கிடைத்த அனுமதி அலங்காரத்திற்கானது, வீண்விரயத்திற்கு அன்று. பெருமையை அடக்க மார்க்கம் வரைந்த கோடு வேறு. பெருமையை விற்க வணிகம் வரையும் கோடு வேறு.

இவ்வேறுபாட்டை மறந்ததன் விளைவை நம் திருமணங்களில் காண்கிறோம். மஹர் கொடுக்கும் கடமை மணமகனுக்கு உரியது. அவனோ கைக்கூலியாகக் காரைக் கேட்டுப் பெறுகிறான். தன் உழைப்பில் வாங்காத வாகனம் அவனது ஆண்மைக்குச் சான்றாகிறது. மணமகளின் மதிப்போ பட்டின் விலையால் அளக்கப்படுகிறது. இரண்டின் செலவும் பெரும்பாலும் ஒரே தந்தையின் தோளில்தான் விழுகிறது. ஆணுக்குப் பட்டை விலக்கிய மார்க்கத்தைப் பின்பற்றுவோர், பட்டுடுத்தாமல் விட்டால் மட்டும் போதாது. அவ்விலக்கு எந்தப் பெருமையைத் தடுக்க வந்ததோ அதனையும் விட்டொழிக்க வேண்டும்.