வீட்டின் ஓர் அறையும் கலையகமாகும்

ஒலிப்பதிவுக் கலையகம் என்றதும் பெருநகரும் பெருஞ்செலவுமே எமது நினைவுக்கு வருகின்றன. ஆனால் உலகெங்கும் ஒலித்த பல பாடல்கள் ஒரு சாதாரண குடியிருப்பு வீட்டில் பதிவானவை.

பெரி கோர்டி என்பவரின் பெற்றோர் 1922இல் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜோர்ஜியா மாநிலத்தை விட்டு வடக்கே டெற்றோயிற் நகருக்குச் சென்றவர்கள். நிறவெறிக் கொடுமையாலும் பிழைப்புத் தேடியும் இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் அவ்வாறு ஊர் விட்டுப் போன காலம் அது. அக்குடும்பத்தினர் தமக்குள் ஒரு பொதுச் சேமிப்பு நிதி வைத்திருந்தனர். கார்த் தொழிற்சாலையில் வேலை செய்திருந்த பெரி கோர்டி, 1959இல் அந்நிதியிலிருந்து 800 டொலர் கடன் பெற்று இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டில் ஒரு வீட்டை வாங்கி, மேல்மாடியில் குடியிருந்தபடி, பின்புறம் இருந்த புகைப்பட அறையைக் கலையகமாக மாற்றினார். மோட்டவுன் எனப் புகழ்பெற்ற அந்நிறுவனத்திற்காக ஸ்டீவி வொண்டர், மார்வின் கே போன்றோர் அவ்வீட்டில்தான் பாடினர். அது இன்று நூதனசாலையாக உள்ளது.

குடும்பச் சேமிப்பும், உள்ள அறையை ஒழுங்குபடுத்தும் அறிவுமே அங்கு முதலாய் அமைந்தன. இவை எமக்கும் எட்டாதவை அல்ல.

எமக்கு இது எதற்கு எனக் கேட்கலாம். இடம்பெயர்ந்தபோது வயலையும் மாட்டையும் விட்டு வந்தோம். அரிவுவெட்டுப் பாட்டும் தாலாட்டும் முதியோரின் நெஞ்சில் கூடவே வந்தன. ஆனால் வயலில்லாத இடத்தில் அரிவுவெட்டுப் பாட்டைப் பாடச் சந்தர்ப்பமில்லை. பாடாத பாட்டை இளையோர் கற்பதுமில்லை. பாடியவர் மறைந்தால் பாட்டும் மறைகிறது.

அறையைத் தெரிதல்

அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். ஓசை கணகணவென்று திரும்பி வந்தால் அவ்வறையில் குரல் தெளிவாகப் பதியாது. புதிய கல்வீடுகளின் வெறுஞ் சுவர்களில் இக்குறை அதிகம். பஞ்சு மெத்தை, தடித்த போர்வை, உடுப்புகள் தொங்கும் கொடி ஆகியவற்றைப் பாடுபவரைச் சுற்றி வைத்தால் எதிரொலி அடங்கும். முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டுவதால் பெரிய பயன் இல்லை. தகரக் கூரை வீடாயின் மழை நேரத்தைத் தவிருங்கள். மின்விசிறியையும் நீர்ப்பம்பியையும் நிறுத்துங்கள். ஊர் அடங்கிய இரவே நல்ல நேரம்.

கருவிகள்

தொடக்கத்திற்கு ஒரு கைத்தொலைபேசி போதும். அழைப்பு வராதபடி செய்து, மடித்த துணியின் மேல், வாயிலிருந்து ஒரு சாண் அல்லது இரு சாண் தூரத்தில் சற்றுப் பக்கமாக வையுங்கள். குரலின் அளவு காட்டி சிவப்பைத் தொடக்கூடாது. அளவு மீறி உடைந்த குரலைப் பின்னர் திருத்துவது அரிது. சில குடும்பங்கள் சேர்ந்து சீட்டுப் பிடித்தால் பின்னர் ஓர் ஒலிவாங்கியும் பழைய கணினியும் வாங்கலாம். ஒலியைச் சீர்செய்ய ஓடாசிற்றி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வயர்களைச் சுற்றிக் கட்டி, கருவிகளை ஒரே பெட்டியில் தூசி படாமல் வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

பாடுவோரை மதித்தல்

பாடுபவரின் சம்மதத்தை முதலில் பெறுங்கள். பதிவை யாருக்குக் கொடுக்கப் போகிறோம், பணம் வந்தால் யாருக்கு என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்பார் எமது ஆச்சிமார். அவர்களை வற்புறுத்தாது, வீட்டுக்கு வெளியே அவர்கள் விரும்பும் இடத்தில் பதியுங்கள். மரநிழலில் சுவர் எதிரொலி இல்லை. காற்று இரையாதிருக்க ஒலிவாங்கியை மெல்லிய பஞ்சால் மூடினால் போதும்.

பெயர், ஊர், திகதி, எந்த வேலையின்போது பாடியது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். இவ்விவரம் இல்லாத பதிவு, பெயர் எழுதாத விதைநெல் மூட்டை போன்றது.

பிரதிகள்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, சுமார் 97,000 நூல்களுடன் வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. எனவே ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று வீட்டில், ஒன்று உறவினரிடம், ஒன்று வேறோர் ஊரில் இருக்கட்டும். இறுவட்டுத் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 600 மெகாபைற் இடமே தேவை. சிறிய நினைவட்டை ஒன்றிலேயே ஒரு கிராமத்தின் பாட்டுகள் பல அடங்கும்.

வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். அடுத்த போகம் வரை காத்திருக்க வேண்டாம்.